ஒரே கதவு எண்ணில் ஒரு வாக்குச்சாவடி

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என்னைவிட மூத்தவர்களுக்கும் நான் டீச்சர்தான். பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, எடை பார்ப்பது, பாட்டு சொல்லிக் கொடுப்பது போக இன்னொரு வேலையும் என் தலையில் உண்டு. வாக்குச்சாவடி நிலை அலுவலர். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், யார் இறந்தார்கள், எந்தப் பெண் கல்யாணமாகிப் போனாள் என்று பார்த்து எழுத வேண்டும். இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். எங்கள் ஊரில் யார் வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்பது எனக்கு மனப்பாடம்.

பத்மநாபபுரத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் சாலையில் எங்கள் ஊர். மேட்டில் ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் பொறியியல் கல்லூரி வந்தது. வந்தபோது எங்களுக்குச் சந்தோஷம்தான். சொல்லாமல் விடக்கூடாது. என் கணவர் வளைகுடாவில் பதினாறு வருஷம் கம்பி கட்டிவிட்டு, முதுகு ஒடிந்து திரும்பி வந்த நேரம் அது. அவரால் குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று, இருந்த சேமிப்பைப் போட்டு மாடி கட்டினோம். நான்கு பெண் பிள்ளைகள் தங்கினார்கள். அந்த வாடகையில்தான் அவருடைய மருந்தும் கோயம்புத்தூரில் படிக்கும் என் மகளுடைய செலவும் நடந்தன.

எங்கள் கீழத்தெரு முழுக்க அப்படித்தான். மாடு கட்டிய இடத்தில் அறை கட்டினார்கள். வாழை நட்ட இடத்தில் பைக் நிறுத்த ஷெட் போட்டார்கள். சர்ச் முக்கில் ஜெராக்ஸ் கடை, ஜூஸ் கடை, ஷவர்மா கடை. பேருந்து நடத்துனர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டு, "காலேஜ் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகினோம்.

பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் ஏத்தன் வாழைக்குலை வியாபாரம் செய்பவர். மார்த்தாண்டம் சந்தைக்குச் சரக்கு ஏற்றி அனுப்புவார். என் அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் நானும் அவரை அண்ணன் என்றுதான் சொல்வேன். கோபக்காரர். ஆனால் காரியம் நடக்கும். கல்லூரிக்கும் அவருக்கும் முதலில் ஒரு பகையும் இல்லை. அடிக்கல் நாட்டு விழாவில் மாலை போட்டுக்கொண்டு மேடையில் இருந்தவர்தான்.

பகை குளத்தில் தொடங்கியது. கல்லூரி விடுதியை மூன்று மடங்காகப் பெருக்கினார்கள். அவ்வளவு பிள்ளைகள் குளித்துத் துவைத்துக் கழிக்கிற தண்ணீர் எங்கே போகும்? குழாய் பதித்து ஊர்க் குளத்தில் விட அனுமதி கேட்டார்கள். சுத்திகரித்துத்தான் விடுவோம் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். தலைவர் தீர்மானம் போட மறுத்தார். கல்லூரி அலுவலக மேலாளர் இரண்டு முறை வந்து பேசினார். மூன்றாம் முறை தாளாளரே காரில் வந்தார். பஞ்சாயத்து அலுவலக வாசலில் நின்று அவர் சொன்னதை நான் கேட்டேன். வேறொரு ஒப்புக்காக அங்கே போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் கையெழுத்துக்கு ஒப்பு என்றுதான் பேர்.

"நீங்க ஒப்பிட வேண்டாம். அடுத்த தலைவர் ஒப்பிடுவார்" என்றார் தாளாளர். குரலை உயர்த்தவில்லை. சிரித்த முகமாகவே சொன்னார்.

"அடுத்த தலைவரும் நான்தானாக்கும்" என்றார் அண்ணன்.

தாளாளர் காரில் ஏறும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கு என்னைத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட மாதத்தில், எனக்கு ஒரு கட்டு விண்ணப்பம் வந்தது. தாலுகா அலுவலகத்தில் அதைத் தந்த எழுத்தர், "டீச்சரே, சஞ்சி, பை எதாவது கொண்டு வந்தியளா? கையில கொள்ளாது" என்றார். வேறு ஊர்களிலிருந்து எங்கள் ஊருக்கு முகவரி மாற்றக் கேட்டு எழுதிய விண்ணப்பங்கள். இருநூறுக்கும் மேலே இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கதவு எண். விடுதியின் எண்.

சட்டப்படி அதில் தப்பு கிடையாது. மாணவர்கள் தாங்கள் தங்கிப் படிக்கும் இடத்தில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லூரி சான்று கொடுத்தால் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் வீட்டில் வந்து அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில் நிரப்பப்பட்டிருந்தன. எங்கோ இருக்கிற ஊர்களிலிருந்து பெயர்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து எங்கள் ஊரில் நட்டதுபோல இருந்தது.

அன்று மகள் போன் செய்தபோது அவளிடம் சொன்னேன். அவள் எதிர்பாராத பதில் சொன்னாள்.

"அதுல என்னம்மா தப்பு? நானும் இஞ்ச ஹாஸ்டல் அட்ரஸ்லதானே மாத்தியிருக்கேன்."

"எப்பம் மக்கா மாத்தின?"

"போன வருஷம். நாலு வருஷம் இஞ்ச இருக்கேன். இந்த ரோட்டுலதான் நடக்கேன், இந்தத் தண்ணியத்தான் குடிக்கேன். ஓட்டு மட்டும் அங்க வந்து போடணுமா?"

பட்டியலில் அவள் பெயர் நீங்கியதைக்கூட நான் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சரிபார்க்கிறவள், என் வீட்டு எண்ணைச் சரிபார்க்காமல் கடந்து போயிருக்கிறேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பின்னால் நான் தப்பான இடத்தில் பயன்படுத்திக்கொண்டேன்.

விண்ணப்பித்தவரை நேரில் பார்த்து விசாரிக்க வேண்டும் என்பது விதி. விடுதிக்குப் போனேன். அலுவலக மேலாளர் ஏசி அறையில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்.

"பிள்ளைங்க எல்லாம் கிளாஸ்ல இருக்கு டீச்சர். நீங்க இஞ்ச இருந்தே ஒப்பிட்டுத் தந்தா போதும்."

"ஆளைப் பாக்காம எழுத முடியாது சார்."

மேலாளர் யாருக்கோ போன் செய்து பத்துப் பதினைந்து பேரை வரச் சொன்னார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வரிசையாக வந்து நின்றார்கள். நான் பெயரைக் கேட்பேன், சொல்வார்கள். இங்கே பெயர் சேர்க்க நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்களா என்பேன். மேலாளரைப் பார்த்துவிட்டு, ஆமாம் மேடம் என்பார்கள். ஒருவர் மாற்றி ஒருவர், அதே இரண்டு சொல். கடைசியாக வந்தவள் ஒரு மெலிந்த பெண். மூன்றாம் வருஷம் படிப்பதாகச் சொன்னாள்.

"நான் எழுதிக் கொடுக்கல மேடம்" என்றாள்.

மேலாளர் சிரித்தார். "பரீட்சைப் பேப்பரோட சேத்து ஒப்பிட்டிருக்கும். பிள்ளை மறந்து போச்சு."

பக்கத்தில் நின்ற வார்டன் அவள் தோளில் கைவைத்து வெளியே அழைத்துப் போனார். நான் ஜூஸை முழுவதும் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் மதியம், பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்திருந்த நேரம், அவள் அங்கன்வாடிக்கே வந்துவிட்டாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மேடம், அந்த ஃபாரத்த மட்டும் அடிச்சிடுங்க. எங்க ஊர்லயும் எலெக்‌ஷன் வருது. எங்கம்மா வார்டு மெம்பருக்கு நிக்கப் போறாங்க."

அவள் வடக்கே, காவிரிக்கும் அப்பால் ஒரு மானாவாரிக் கிராமத்துப் பெண். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அப்பா கிடையாது. அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்று பேச்சு வந்ததும், தெருவில் உள்ள பெண்கள் எல்லாம் சேர்ந்து அம்மாவை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். மகள் லீவு போட்டு ஊருக்குப் போய் ஓட்டுப் போட வேண்டும், வீடு வீடாக அம்மாவோடு நடக்க வேண்டும் என்றிருந்தாள்.

"ஹால் டிக்கெட் குடுக்கறப்ப ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க மேடம். அதுதான் இது போலருக்கு. நான் இங்க பேர மாத்தினா அங்க என் பேர எடுத்துடுவாங்களாமே?"

"ஆமா மக்கா. ஒரு எடத்துலதான் இருக்க முடியும்."

"அப்ப நீங்க எழுதிடுங்க. நான் ஒத்துக்கலன்னு எழுதிடுங்க."

எழுதுவதற்கு ஒரு வரிதான். விண்ணப்பதாரர் மறுக்கிறார். அதை எழுதினால் அந்தத் தாள் தள்ளுபடியாகும். அவள் பெயர் அவள் ஊரிலேயே இருக்கும்.

"எழுதுதேன் மக்கா. நீ பயப்படாண்டாம்" என்றேன். அவள் என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

அந்த வாரத்திலேயே கல்லூரியிலிருந்து ஒரு புது உத்தரவு வந்தது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக, வெளியில் தங்குகிறவர்கள் கல்லூரி அங்கீகரித்த வீடுகளில் மட்டும்தான் தங்கலாம். இரண்டு பேர் குறிப்பேட்டோடு தெருத்தெருவாக வந்தார்கள். அறை, கழிப்பறை, கேமரா எல்லாம் பார்த்தார்கள். சரியென்றால் கேட்டில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பார்க்கும்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பார்த்து முடித்த பிறகுதான் எந்த வீட்டில் ஸ்டிக்கர் இல்லை என்று தெரிந்தது. தலைவரின் தம்பி வீடு. தலைவருக்காகப் போன தேர்தலில் நோட்டீஸ் கொடுத்தவர் வீடு. குளத்துக்காகக் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதிய ஓய்வுபெற்ற தபால்காரர் வீடு. நிழல்தாங்கல் கோயிலுக்கு எதிரே, தலைவர் பக்கம் நின்ற இரண்டு வீடுகள். ஒரு சாயங்காலம் கல்லூரி வேன் வந்து நின்றது. அந்த வீடுகளில் இருந்த பிள்ளைகள் பெட்டியும் பாயும் வாளியுமாக ஏறிப் போனார்கள். தபால்காரரின் மனைவி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரிடம் போய்ப் பேசவில்லை. நான் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்கு அவர்கள் அதுவரை வரவே இல்லை. ஸ்டிக்கரும் இல்லை, இல்லையென்ற பேச்சும் இல்லை. மாடியில் இருந்த பெண் பிள்ளைகள் தினமும் என்னிடம் கேட்டார்கள்.

"ஆன்ட்டி, நாங்க இருக்கலாமா, போகணுமா?"

மறுநாள் விடுதி மெஸ்ஸை எடுத்து நடத்துகிறவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். புயல் அடித்த வருஷம், பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு மூன்று நாள் சோறு போட்டவர். அவர்தான் தலைவருக்கு எதிராக நிற்கப் போகிறார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. என் கணவரின் முதுகைப் பற்றி விசாரித்தார். மார்த்தாண்டத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறார், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எக்கா, அந்த ஃபாரம் எல்லாம் எப்பம் முடியும்?"

"பாத்துட்டு இருக்கேன் தம்பி."

"பிள்ளைங்களுக்க உரிமை ஆக்கும் அது. ஒண்ணு ரெண்டு பிள்ளை பயந்து எதாவது சொல்லும். அதைப் பெருசா எடுக்காண்டாம் எக்கா." எழுந்து கேட்டருகில் போனவர், வெறும் இரும்புத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "இஞ்ச இன்னும் ஒட்டலியா? நாளைக்கு ஆளை அனுப்பச் சொல்லுதேன்."

அவர் போனதும் என் கணவர் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்.

"ஏட்டி, நீ ஒண்ணும் எழுதாண்டாம்."

"அந்தப் பிள்ளைக்கு வாக்கு குடுத்தாச்சே."

"ஒரு ஓட்டு. அது அங்க கெடந்தா என்ன, இஞ்ச கெடந்தா என்ன? நமக்க மாடி காலியானா நான் எங்க போவேன்? கம்பி கட்டவா?"

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். என் மகள் சொன்னதை நினைத்துக்கொண்டேன். தங்கியிருக்கிற இடத்தில் ஓட்டுப் போடுவதில் என்ன தப்பு? அந்தப் பெண்ணும் இங்கே மூன்று வருஷமாக இருக்கிறவள்தானே? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுநாள் காலை எல்லாத் தாள்களிலும் 'விசாரித்தேன், பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினேன். அவளுடைய தாள் நடுவில் எங்கோ வந்தது. பெயரைப் படிக்காமல் எழுத முயன்றேன். கண் படித்துவிட்டது. எழுதினேன்.

மத்தியானம் வந்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு தேர்தல் வரை ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. அடிதடி இல்லை. ஆனால் டீக்கடையில் தலைவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நின்று பேசுவார்கள். இப்போது நேரே வீட்டுக்குப் போனார்கள். கல்லூரியில் எங்கோ ஓரிடத்தில் எல்லார் பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. எந்தத் தெருப் பெட்டியில் எத்தனை ஓட்டு விழுந்தது என்று எண்ணும்போதே தெரிந்துவிடும், குறைந்தால் அந்தத் தெருவுக்கு அடுத்த வருஷம் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் தெரியாது என்பார்கள். ஜூஸ் கடைக்காரர் தலைவரின் நோட்டீஸை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவர் முக்கு திரும்பியதும் எடுத்துப் பழத்தோல் வாளியில் போட்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

வாக்குப்பதிவு நாளில் அரசுத் தொடக்கப் பள்ளி வாசலில் மேசை போட்டு, பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் எந்த எண் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பார்த்துச் சொல்வது என் வேலை. விடுதிப் பெயர்களுக்காகவே அந்த முறை கிழக்குக் கட்டடத்தில் தனி வாக்குச்சாவடி போட்டிருந்தார்கள். கல்லூரியிலிருந்து பள்ளிக்கு நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனாலும் பேருந்தில்தான் கொண்டுவந்தார்கள். இறங்கி வரிசையில் நின்றார்கள். இத்தனை இளம் பிள்ளைகள் சேர்ந்து நிற்கும் இடத்தில் எவ்வளவு சத்தம் கேட்கும்! ஒரு சிரிப்புகூடக் கேட்கவில்லை. போன் எல்லாவற்றையும் பேருந்திலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம். பள்ளிக்கூடத்து எல்லைக்கு வெளியே வார்டன் ஒரு தாளில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவள் என் மேசைக்கு வந்தாள். என்னை அடையாளம் தெரியாதவள்போல நின்றாள்.

"என் பேரு எத்தனாவது நம்பர் மேடம்?"

பார்க்காமலே எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துத் தேடினேன். நம்பரைச் சொன்னேன். அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது மை வைத்த விரலைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.

மத்தியானக் கூட்டம் குறைந்ததும் நானும் போய் ஓட்டுப் போட்டேன். தலைவர் பதவிக்கான சீட்டு இளஞ்சிவப்புத் தாள். அண்ணனுக்குப் பூட்டு சாவி. மெஸ்காரருக்கு ஆட்டோ. அட்டை மறைவுக்குள் நான் ஒருத்திதான். யாரும் பார்க்க முடியாது. இருபது வருஷமாக மற்றவர்களுக்கு அதைச் சொல்லித் தைரியம் கொடுத்தவள் நான். ரகசிய ஓட்டு, உங்களுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும் என்பேன். முத்திரையைக் கையில் எடுத்ததும் என் மனதில் வந்தது கீழத்தெருப் பெட்டி. அதை மேசையில் கொட்டி எண்ணுகிற கைகள். குறைகிற ஒரு ஓட்டு. என் கணவர் குனிய முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பது.

ஆட்டோவில் குத்தினேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட. அவர் என்ன குத்தினார் என்று நானும் கேட்டதில்லை.

மெஸ்காரர் ஜெயித்தார். கல்லூரி வாசலில் பட்டாசு வெடித்தார்கள். விடுதி ஓட்டுத்தான் அவரை ஜெயிக்க வைத்தது, வெளியூர்ப் பிள்ளைகள் நம் ஊரைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று அன்றைக்கே எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். கீழத்தெருவில்தான் அதிகம் பேசினார்கள். நானும் தலையாட்டினேன்.

நான்கைந்து நாள் கழித்து அண்ணன் குலை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவர் குலைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"எல்லாரும் ஹாஸ்டலுக்க மேல பழி போடுதாங்க, டீச்சரே" என்றார். "எண்ணும்போ நான் அங்க நின்னேன். அந்தப் பெட்டிய எடுத்துத் தூரப் போட்டாலும் நான் தோத்தாச்சு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"கீழத்தெருப் பெட்டியிலயும் அவன்தான். எனக்க தம்பி தெருவுலயும் அவன்தான். எனக்க தம்பியே எனக்குப் போட்டானா தெரியாது." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தப் பிள்ளைங்கள கொண்டு வந்ததே வேண்டாத வேலை. அவனுக்கு அது தேவையே இருக்கல்ல."

அவர் என்னைப் பார்த்தார். யாருக்குப் போட்டாய் என்று கேட்கப் போகிறார் என நினைத்தேன். கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேனா தெரியவில்லை. அவர் கேட்கவில்லை. இரண்டு ஏத்தன் சீப்பை ஒடித்துப் பையில் வைத்து, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார். அதைத் தூக்கிக்கொண்டு வந்த தூரம் எனக்கு அவ்வளவு நீளமாக ஒருநாளும் இருந்ததில்லை.

அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒருமுறைதான் வந்தாள். பொங்கல் லீவு முடிந்து திரும்பியிருந்தாள்.

"அம்மா தோத்துட்டாங்க மேடம். ரொம்பக் கொஞ்சத்துலதான்."

"உனக்க ஒரு ஓட்டுலயா மக்கா?"

"இல்ல மேடம். என் ஒரு ஓட்டு வந்திருந்தாலும் பத்தாது. ஆனா லிஸ்ட்ல என் பேர் இல்லன்னு தெரிஞ்சதும், பெத்த பொண்ணு பேரையே காப்பாத்திக்கத் தெரியல, இவ தெருவுக்கு என்ன செய்வான்னு பேசிட்டாங்களாம். அம்மா அதுக்குத்தான் அழுறாங்க." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எழுதுறேன்னு சொன்னீங்கல்ல?"

"எழுதல மக்கா."

அவ்வளவு நேராக நான் சொல்வேன் என்று அவள் நினைக்கவில்லை. எனக்காக ஏதோ காரணம் யோசித்து வைத்துக்கொண்டு வந்திருப்பாள்போல. முகம் ஒருமுறை கோணிச் சரியாயிற்று. "சரி மேடம்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அடுத்த வருஷம் படிப்பு முடிந்து போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். பட்டியலில் அவள் பெயர் இன்னும் இருந்தது. அவளே மாற்றிக்கொள்ளும்வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். அதற்கு மேல் அவளுக்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

குளத்துக் குழாய்த் தீர்மானம் புதிய தலைவரின் முதல் கூட்டத்திலேயே நிறைவேறியது. குழாய் பதிக்க மூன்று வாரம்கூட எடுக்கவில்லை. முதல் மழைக்காலம் தெரியவில்லை. அடுத்த கோடையில் குளத்தில் தாமரை இலைகள் ஓரத்திலிருந்து கறுத்து வந்தன. தண்ணீரின் மேல் சாம்பல் நிறத்தில் நுரை ஒதுங்கியது. பிறகு கிணறுகள். எங்கள் அங்கன்வாடிக் கிணற்றில் இறைத்த தண்ணீரில் பாத்திரம் கழுவினால் கையில் ஒரு வாடை நின்றது. பிள்ளைகளின் முழங்காலிலும் விரல் இடுக்கிலும் சொறி வந்தது. ஒரு பிள்ளை சொறிந்து சொறிந்து ரத்தம் வந்த கையை என்னிடம் நீட்டி, "டீச்சர், கடிக்கி" என்றது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மருந்து தடவினேன். சுகாதார நிலையத்துக்கு எழுதினேன். அங்கிருந்து வந்து சோதிக்கத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்ப வந்து எதுவும் சொல்லவில்லை.

இந்த வருஷம் கிராமசபையைக் கல்லூரி ஆடிட்டோரியத்தில் வைத்தார்கள். நாற்காலிகளில் முக்கால்வாசி மாணவர்கள். வருகைப் பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் பின்வரிசையில், கூலர் காற்று படாத இடத்தில் உட்கார்ந்தோம். தீர்மானங்களை வாசித்தார்கள். எல்லாவற்றுக்கும் கைதட்டல். வேறு ஏதாவது உண்டா என்று, இப்போது தலைவராகிவிட்ட மெஸ்காரர் கேட்டார்.

எழுந்து நிற்பேன் என்று நான் நினைத்துப் போகவில்லை. அந்தக் கையை நினைத்தேனா, என்னவோ, எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் கணவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"அங்கன்வாடிக் கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு. குளத்துல குழாயில இருந்து வாறது என்ன தண்ணின்னு சொல்லணும். அதுக்கொரு பரிசோதனை வேணும்னு தீர்மானம் எழுதணும்" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கைதட்டல் இல்லை, எதிர்ப்பும் இல்லை. பின்வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது ஆமாம் என்று சொல்வார்கள் என்று நின்றேன். தபால்காரர்கூட அன்று வரவில்லை.

"எழுதிக் குடுங்க எக்கா" என்றார் தலைவர். அன்று என் கணவரின் முதுகைப் பற்றிக் கேட்ட அதே அக்கறையான குரல். "கண்டிப்பா பாப்போம்."

எழுதிக் கொடுத்தேன். என் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் போட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, சுற்றுச்சுவருக்குள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் அளவு நாடா. இன்னொருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன அளக்குதிய?" என்றேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா ஒரு அளவு எடுக்கச் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

அவர் நாடாவின் மறுமுனையைக் கிணற்று மதிலில் வைத்துப் பிடிக்கச் சொல்லி மற்றவருக்குக் கை காட்டினார். பிள்ளைகள் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் எழுதிக் கொடுத்ததற்கு அங்கன்வாடியையே இங்கிருந்து கிளப்பப் போகிறார்கள் என்று புரிந்தது. பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். நாடா தரையில் இழுபடும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.